நடுவில் நின்றுபோகும் இசை

வியாழன், இரவு

இன்று நடந்ததை எதையும் மறைக்காமல் எழுதப்போகிறேன்.

நாளை பள்ளி ஆண்டு விழாவில் நானும் என் தோழி ஜெனிபரும் டாங்கோ என்னும் ஜோடி நடனம் ஆடுகிறோம். ஒரு மாதமாகத் தாளம் பளிச்சென்று கேட்கும் இசைக்குத்தான் பழகினோம். போன வாரம் மேடைக்கென்று நான் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதில் நடுவில் நான்கு எண்ணும்வரை சத்தமே இருக்காது. அப்போது அசையாமல் நிற்பதுதான் அழகு என்று நடன டீச்சரிடம் வாதாடினேன்.

"ஜெனிபருக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

அவளைக் கேட்காமலே, "சம்மதம் டீச்சர்" என்றேன்.

இன்று ஒத்திகையில் அந்த இடம் வந்ததும், பாட்டு முடிந்ததென்று நினைத்து மைக்செட் அண்ணாச்சி அடுத்த குத்துப்பாட்டைப் போட்டுவிட்டார். பையன்கள் விசிலடித்தார்கள். ஜெனிபர் என்னை மேடையோரம் இழுத்துப்போனாள்.

"எங்கப்பா புதியம்புத்தூர்ல தையலுக்கு லீவு போட்டுட்டு வாராவ. பழைய பாட்டையே போடச் சொல்லுட்டி."

"உனக்குச் சம்மதம்னு டீச்சர்ட்ட சொல்லிட்டேனே."

"ஏட்டி, என்னைய கேட்டியா நீ?"

காலையில் உண்மையைச் சொன்னால் டீச்சர் என்னை ஆட்டத்திலிருந்தே நீக்கிவிடுவாரோ? சொல்லாவிட்டால், ஜெனிபர் அவள் அப்பாவுக்கு முன்னால் அந்த விசிலைக் கேட்டு நிற்பாளே.

அம்மா லைட்டை அணைத்துவிட்டார். காலையில் சொல்லவேண்டியதை இருட்டில் கோணலாக எழுதிப் பழகுகிறேன்: டீச்சர், நான் ஜெனிபரைக் கேட்கவே இல்லை.