சாவித் துவாரம் இல்லாத பூட்டு

மீன் அரிந்த கையாலேயே என் கன்னத்தைக் கிள்ளுகிற என் அம்மாவுக்கு,

உன் கருமாதி முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கிள்ளானில் நீ இருந்த வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். தம்பி சுபாங் ஜெயாவிலிருந்து காரில் வந்து உன் தையல் மெஷினை மட்டும் ஏற்றிக்கொண்டான். "மீதியெல்லாம் தூக்கிப் போட்டுடுக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஃபேக்டரி விட்டு வந்து தினமும் ஒரு அலமாரியாகக் காலி பண்ணுகிறேன். இடுப்பு விட்டுப்போகிறது அம்மா. இத்தனை காலிப் போத்தலை எதற்குச் சேர்த்து வைத்தாய்?

போன சனிக்கிழமை பழைய பேப்பர் லோரி வந்தது. பேப்பர் கட்டு, ஓட்டை அண்டா, ஆணி போட்டு வைத்திருந்த பால் டின், எல்லாவற்றையும் அந்த லோரி முதலாளி, சீனத் தவுக்கேயிடம் அள்ளிக் கொடுத்தேன். எது என்ன என்று பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

இன்றைக்கு அவர் திரும்பி வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கறுத்துப்போன அந்தச் சின்னப் பூட்டு.

"அக்கா, ஆணி டின்னுல கிடந்துச்சு. தெரியாம போட்டுட்டீங்களா?"

"உடைஞ்ச பூட்டு தவுக்கே. சாவி போட ஓட்டையே இல்ல."

சொல்லும்போதே எனக்கு நினைவு வந்தது. இதே வார்த்தையை உன்னிடமும் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் உன்னை எடுத்து வளர்த்தவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு, அவர்களுடைய தகரப்பெட்டி உனக்கு வந்தது. அதன் அடியில் ஒரு துணிமுடிச்சில் இது இருந்தது. கட்டைவிரல் நீளம், ஓரமெல்லாம் பூவேலை, கீழே மூன்று குட்டி மணி, நடுவில் நாலு சீன எழுத்து. நீ அதை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

பச்சைக் குழந்தையாக உன்னை யாரோ ஒரு சீனத்தி பின்கதவில் கொடுத்துவிட்டுப் போனாள் என்பது ஊருக்கே தெரியும். "வேணாம்னு போட்டுட்டுப் போயிட்டாங்க, அதுக்கென்ன இப்ப" என்று நீயே சிரித்துக்கொண்டு சொல்வாய். பாசாரில் யாராவது உன் முகத்தைப் பார்த்துச் சீனத்தில் பேசினால், "எனக்குச் சீனம் தெரியாதுய்யா" என்று தமிழில் பதில் சொல்லிவிட்டுக் கத்தரிக்காயைப் பொறுக்குவாய். அந்தச் சிரிப்பை நான் நம்பிவிட்டேன்.

பெட்டி வந்த மறுநாள் மீனைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "உன் ஃபேக்டரியில பக்கத்துல ஒரு சீனப் பொண்ணு உக்காருதே, அதுகிட்ட காட்டிக் கேளேன்" என்றாய்.

ஒரு வாரம் அந்தப் பூட்டு என் பையில் சுங்கை வே ஃபேக்டரிக்குப் போய்ப் போய் வந்தது. நீ சொன்ன அந்தப் பொண்ணு மெய் லிங் எனக்கு ஒரு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்கவில்லை. சனிக்கிழமை உன்னிடம் வந்து, "கேட்டேன்மா, உடைஞ்ச பூட்டுதானாம். அது பூட்டுக் கம்பெனி பேராம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். "அப்படியா" என்றாய். அவ்வளவுதான். அப்புறம் அது ஆணி டின்னுக்குள் போய்விட்டது.

இன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டுத் தவுக்கே சிரித்தார். காப்பார் எஸ்டேட்டில் கடை வைத்திருந்தவருடைய மகனாம். நம்மைப் போலவே தமிழ் பேசுகிறார்.

"பூட்டு இல்லலா அக்கா. சின்ன பேபி கழுத்துல போடறது. இங்க என்ன எழுதியிருக்கு தெரியுமா? நீண்ட ஆயுசு, நல்ல வாழ்வு. பேபியைச் சாவு தூக்கிட்டுப் போகக்கூடாதுன்னு அம்மா அப்பா பூட்டி வைக்கிறது. அதான் சாவி கிடையாது."

"வேணாம்னு கொடுத்துடற பிள்ளைக்கும் போடுவாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் கூடத்தில் மாலை போட்டிருந்த உன் படத்தைப் பார்த்தார்.

"வேணாத பிள்ளைக்கு யாருக்கா வெள்ளியில போடுவாங்க?"

தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன், வேண்டாம் என்று லோரியில் ஏறிவிட்டார்.

சாமி மாடத்துத் திருநீற்றைப் போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று வெள்ளி தெரிந்தது. மணி மூன்றும் இன்னும் சத்தம் போடுகின்றன. கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுகைகூட இப்போதெல்லாம் அசதியாகத்தான் வருகிறது.

ஷிப்ட் அசதி, அதனால்தான் கேட்கவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அசதி மட்டும் இல்லை அம்மா. எனக்கு வெட்கம். பள்ளிக்கூடத்தில் என் சின்னக் கண்ணைப் பார்த்து "சீனத்தி மக, சீனத்தி மக" என்று கூப்பிட்டார்கள். ஃபேக்டரியிலும் அந்தப் பேர் வந்துவிடுமோ என்று பயந்தேன். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், உன்னைப் பெற்றவள் உன்னைத் தூக்கிப் போடவில்லை என்று தெரிந்துகொண்டு நீ கண்ணை மூடியிருப்பாய். அவள் எந்த நிலைமையில் கொடுத்தாளோ. கழுத்தில் இதைப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறாள். தூக்கிப் போட்டது நான்தான். நீ அன்றைக்கு என் பொய்யை நம்பினாயா, இல்லை என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாயா?

உன் அஸ்தி கடலில் கரைத்தாகிவிட்டது. இதை உன்னிடம் சேர்க்க எனக்கு வழி தெரியவில்லை. உன்னைப் பெற்றவர்களைத் தேடிக் கிளம்பவும் தெம்பில்லை. பேர் தெரியாது, ஊர் தெரியாது, யாரைப் போய்க் கேட்பது?

ஒன்று மட்டும் செய்கிறேன். திங்கட்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். மெய் லிங் இன்னும் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். பூட்டைப் பையில் வைத்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில், எல்லாரும் இருக்கும்போதே எடுத்து மேசைமேல் வைத்து, "இது எங்க அம்மாவுக்கு அவங்க அம்மா போட்டது" என்று சொல்லப் போகிறேன்.

இப்படிக்கு,
சீனத்தி மகள்
விஜயா