வசித்து வருகிறார்

திங்கள்

கச்சான் காற்று. வாசலெல்லாம் மணல். காலையிலேயே கொழும்பிலிருந்து பதிப்பாளரின் போன்.

“சேர், தொகுப்பு ரெடி. உங்கட ஆசிரியர் குறிப்புத்தான் இன்னும் வரயில்ல.”

மாதிரிக்கு மற்ற எழுத்தாளர்களின் குறிப்புகளை அனுப்பியிருந்தார். ஒருவர் வங்கி முகாமையாளர். ஒருவர் சட்டத்தரணி. லண்டனில் ஒரு தாதி. எல்லோரும் எதிலாவது முதுகலை. நான்: சாதாரண தரம் வரை படிப்பு, கட்டாரில் ஸ்டோர் கீப்பர், இப்போது பாமசியில் மருந்து விற்பனை. காய்ச்சல் குளிசை எண்ணுகிற இடைவெளியில் கதை.

முதல் புத்தகத்தில் போட்டதையே அனுப்பலாம் என்று எடுத்தேன். கடைசி வரி: ‘மனைவி சரீனாவுடன் கல்முனைக்குடியில் வசித்து வருகிறார்.’

அவள் கேட்டு வாங்கிய வரி. “என்ட பேரும் வரணும். ராவெல்லாம் தேத்தண்ணி ஊத்தினது ஆரு?”

நோன்புக்கு முன் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டாள். புத்தகத்தை மூடிவிட்டேன்.

செவ்வாய்

பாமசியில் சனம். இருமல் மருந்து முடிந்துவிட்டது, சொல்லி எடுக்க வேண்டும்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மாமி, சரீனாவின் உம்மா, தேத்தண்ணியோடு வந்து நின்றார். சரீனாவின் தங்கை றிஸ்னாவுக்குக் கலியாணம் பேசி வந்திருக்கிறார்கள். நல்ல பொடியனாம். சரீனாவின் பேரில் இருக்கிற இந்த வீட்டைச் சீதனமாகக் கேட்கிறார்களாம்.

“நான் உங்களப் போங்க எண்டு செல்லல்ல மகன்.” அழுதார்.

சொல்லவில்லைதான். இந்தக் கரையில் அதைச் சொல்லவும் தேவையில்லை. வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்து வருகிறவன் அவள் வீட்டில் இருப்பான். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை.

“றிஸ்னாக்கே எழுதுவம் மாமி” என்றேன்.

கூட்டாளி போனில் சத்தம் போட்டான். “மடையா, உனக்கும் பங்கிரிக்கிடா!” பங்கை வைத்து என்ன செய்ய? குசினிச் சுவரில் அவள் கைபட்ட எண்ணெய்க் கறையைப் பாதியாக வெட்டி எடுக்கவா?

புதன்

காற்று விடவில்லை. என் உம்மாவின் வீடும் மூத்தவள் ராத்தாவுக்குக் கொடுத்தது, பாலமுனையில். போன் எடுத்தேன்.

“வா தம்பி. முன்னறை சும்மாதான் கிடக்கு.” பின்னால் மச்சானின் செருமல்.

பெட்டி கட்டியது: புத்தகங்கள். சாரன், சட்டை. இஸ்திரிக்கைப் பெட்டி வேண்டாம், றிஸ்னாவுக்கு உதவும். சரீனாவின் சீப்பு. மாமியிடம் கேட்க வெட்கம். கேட்காமலே எடுத்துக்கொண்டேன். முடி இன்னும் சிக்கியிருக்கிறது.

வியாழன்

மீன்காரர் கேற்றடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

“சரீனாட மாப்பிள! சூடை இரிக்கி, எடுக்கலயா?”

இந்த ஒழுங்கை வீடுகளுக்கு நான் சரீனாவின் புருசன்; வேறு பெயர் இருந்ததே இல்லை. இலக்கியப் பரிசு கிடைத்த நாளிலும் “சரீனாட மாப்பிளக்கி என்னமோ பரிசாம்” என்றுதான் கதை. அன்று அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு.

மனுசனுக்குப் பிறகுதான் உறைத்தது. தராசைப் பார்த்தபடி, “மறந்து பெய்த்து தம்பி. பழக்கத்தில வந்திட்டு” என்றார்.

“பரவால்ல காக்கா. அப்பிடியே கூப்பிடுங்க.”

விட்டுப் போகிற குசினிக்கு மீன் வாங்கினேன். மாமி ஆக்கித் தந்தார். முள்ளை எடுத்து ஓரம் வைத்துக்கொண்டே இருந்தேன். ஏன் எனக்கு முன்னால் போனாய், சரீனா?

வெள்ளி

ஜும்மா முடிந்தது. வெயில். பெட்டிகள் வாசலில். ஓட்டோவுக்குச் சொல்லியாயிற்று.

மீண்டும் பதிப்பாளர். இன்று அச்சுக்குப் போகிறதாம். நின்ற நிலையிலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: ‘சரீனாட மாப்பிள்ளை. கதை எழுதுவார்.’

உடனே போன் எடுத்தார். “என்ன சேர் இது? படிப்பு, தொழில் ஒண்டுமில்லையே?”

“இவ்வளவுதான் தம்பி. இதுக்கு மேல என்னட்ட ஒண்டுமில்ல.”

“சரி சேர், அப்பிடியே போடுறன். வசிக்கிற இடம் எண்டு என்ன போட?”

திரும்பிப் பார்த்தேன். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கதவடியில். றிஸ்னா வெளியே வரவேயில்லை. வீட்டுச் சாவி இன்னும் என் சட்டைப் பையில்.

“சேர்? லைன்ல இரிக்கிறீங்களா?”

ஓட்டோ வந்துவிட்டது.