எந்தக் குளத்து விரால்

கண்டி
06.05.2024

அன்புள்ள ஜெனிஸ்ரனுக்கு,

நான் சுகம். உங்களைக் கேட்டால் முதுகு நோகுது என்பீர்கள், அதனால் கேட்கவில்லை. போனில் கதைத்தால் புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் சண்டைதான் வருகிறது. எழுதியே சொல்லிவிடுகிறேன்.

போன ஆவணியில் என் ஆய்வுக்கென்று பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டீர்களே விரால் தலைகள், அவற்றின் செவுளில் ஒரு புழு இருந்தது. மயிரளவுதான். அதன் கொக்கிகளை அளந்து அளந்து எட்டு மாதமாய்க் கண் பூத்துப்போனது. இதுவரை யாரும் காணாத இனம் என்று பேராசிரியரும் ஒத்துக்கொண்டுவிட்டார். தலைகள் வந்த போத்தலில் நீங்கள் எழுதியபடி இலுப்பைக்கடவைக் குளத்தின் பெயரையே புழுவுக்கு வைக்கிறோம். கட்டுரை வெளிவந்தால் நோர்வேயில் எனக்கு மூன்று வருட ஆய்வு இடம் நிச்சயம். நான் போகப்போறன். கோபிக்காதேங்கோ.

உங்கள்
நிறஞ்சலா

பேசாலை
11.05.2024

அன்பு நிறஞ்சலா,

சந்தோஷம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். கை போகவில்லை.

அது இலுப்பைக்கடவை விரால் இல்லை. ஐஸ் பக்டரியில் எனக்கு அந்தக் கிழமை முழுக்க இரட்டை ஷிப்ற் வேலை. அதற்குமேல் ஐம்பது கிலோமீற்றர் மோட்டார்சைக்கிள் ஓட என்னால் ஏலவில்லை. மன்னார்ச் சந்தையில் நௌஷாட் நானாவிடம் மீன் வாங்கி, வழமையான குளத்தின் பெயரை ஒட்டி அனுப்பிவிட்டேன். விரால் விரால்தானே என்று நினைத்தேன். இப்போது போய்க் கேட்டால், "எந்தக் குளமெண்டு நான் மீனிட்டயா கேக்கிறது தம்பி?" என்கிறார்.

மூன்று வருடமாய் உமக்காக மீன் பிடிக்கிறேன். ஒரேயொரு தரம்தான் ஏமாற்றினேன். அதிலேதானா அந்தச் சனியன் இருக்கவேணும்!

ஜெனிஸ்ரன்

கண்டி
20.05.2024

ஜெனிஸ்ரன்,

கட்டுரையைத் திருப்பி எடுத்துவிட்டேன். பேராசிரியர் ஏசவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. எங்கே பிடித்தது என்று தெரியாத புழுவுக்குப் பெயர் வைக்க விடமாட்டார்கள். ஆடி முடியமுதல், குளம் தெரிந்த மீனில் அதே புழு கிடைத்தால்தான் நோர்வே.

களைப்பில் செய்ததை மன்னிப்பேன். நானும் களைத்துத்தான் போயிருக்கிறேன். ஆனால் எட்டு மாதம் வாய் திறக்காதவர், நான் போறன் என்று எழுதிய ஐந்தாம் நாள் திறந்தீர்களே. உண்மைக்காகச் சொன்னீர்களா, என்னை மறிக்கச் சொன்னீர்களா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கோ.

நிறஞ்சலா

பேசாலை
24.06.2024

நிறஞ்சலா,

மறிக்கத்தான் சொன்னேன். தனியே இருந்து சாப்பிட்டு அலுத்துப்போனேன், அதுதான் உண்மை.

பதில் பிந்தியதற்குக் காரணம் இருக்கிறது. நாலு ஞாயிறாகப் பூசைக்கும் போகாமல் நௌஷாட் நானாவின் லொறியில் திரிந்தேன். அதனால் அம்மா வழியில் கண்டாலும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. நானா மீன் எடுப்பது மூன்று குளங்களில். மூன்றிலும் நானே இறங்கி வலை போட்டேன், குளத்துக்கு ஆறு விரால். தலைக்கொரு போத்தல், பதினெட்டும் இந்தக் கடிதத்தோடு பஸ்ஸில் வருகிறது. குளத்தின் பெயரையும் திகதியையும் கரையில் நின்றே எழுதினேன்.

நேற்று ஒரு தலையில் செவுளை விரித்துப் பார்த்தேன். மயிரளவில் வெள்ளையாய் ஏதோ ஒட்டிக்கிடந்தது. உம்முடைய புழுதானா என்று எனக்குத் தெரியாது. நுள்ளி எறிந்தால் ஒருவருக்கும் தெரியவராது என்பது மட்டும் தெரியும். கன நேரம் அதை வைத்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு தலையை அப்படியே போத்தலில் போட்டு மூடியை இறுக்கிவிட்டேன். சிவப்பு நூல் கட்டிய போத்தல் அதுதான். முதலில் அதைத் திறவும்.

ஜெனிஸ்ரன்