நெடுங்கேணி வீதியால் போன தயிர்

என் அருமை மச்சாள் தவமணிக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை உன் போனுக்கு அழைப்பு எடுத்தேன். லொறியில் தயிர்ச் சட்டி ஏற்றுகிற அவசரம். பெரிய சட்டியை முன்னுக்கு வைப்பதா பின்னுக்கு வைப்பதா என்று கேட்க, விரல் தன்பாட்டில் உன் பெயரை அமத்திவிட்டது. போன் உன் வீட்டு அலுமாரிக்குள் அடித்தது. அண்ணைதான் எடுத்தார்.

"ஆர்?"

"நான்தான் அண்ணை. மச்சாள் நிக்கிறாவோ?"

"இல்லை தங்கச்சி."

"சரி, பிறகு எடுக்கிறன்."

வைத்த பிறகுதான் உறைத்தது. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அவர் உன் போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நிற்கிறார். நீ போன பிறகும் அந்தப் போனுக்கு மனுஷன் சார்ஜ் போட்டு வருகிறார் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

உன் ஆண்டுத் திவசம் வருகிறது. பேப்பரில் உன் படத்துக்குக் கீழே போட நாலு வரி எழுதித் தா என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒன்றாகவே படிப்பை விட்டவர்கள் நாங்கள். என் எழுத்தும் கோணல், நாலு வரியோடு நிற்கிற வாயும் எனக்கு இல்லை; அதுதான் உனக்கே கடிதமாக எழுதுகிறேன். அதோடு இன்று ஓரிடத்தில் இருக்கவும் முடியவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், லொறி வருகிறதா என்று வாசல் படலைக்கு ஓடுகிறேன், திரும்பி வந்து அடுத்த வரி எழுதுகிறேன். ஏனென்றால் இன்று அண்ணை லொறியை எடுத்திருக்கிறார்.

ஓம், உன் புருஷன்தான். நீ போனதிலிருந்து கதிரையை விட்டு எழும்பாத அதே மனுஷன்.

இவ்வளவு நாளும் கூலிக்கு ஒரு சாரதியைப் பிடித்து ஓடினோம். அவன் நல்ல பெடியன், ஆனால் சட்டிகளைக் கண்ட மாதிரி ஏற்றுவான். ஓமந்தையில் இறக்க வேண்டிய சட்டி அடியில் கிடக்கும். அதை எடுக்க, வவுனியாவுக்குப் போகிற சட்டி எல்லாவற்றையும் றோட்டுக் கரையில் வெயிலில் இறக்கி வைக்க வேண்டும். தூக்கி இறக்கித் தூக்கி ஏற்றினால் தயிர் தயிராகவா இருக்கும்? தண்ணீர் விட்டுவிடும். கடைசியாக இறக்குவதை முதலில் ஏற்று என்று நீ கத்துவாயே, அதை நானும் கத்திப் பார்த்தேன். உன் குரலுக்கு இருந்த மரியாதை என் குரலுக்கு இல்லை. போன கிழமை அவனும் வேலையை விட்டு நின்றுவிட்டான்.

வவுனியாச் சாப்பாட்டுக்கடை முதலாளி போனில் சொல்லிவிட்டார். "அக்கா, சோறு முடிஞ்சாப் பிறகு தயிர் வந்து எனக்கென்ன? இன்னொருக்காப் பிந்தினால் நான் கொம்பனித் தயிருக்கு மாறிடுவன். பிறகு கோவிக்கக்கூடாது."

எங்கள் தயிரில் பெரும்பங்கு அந்தக் கடைக்குத்தான் போகிறது. அது நின்றால், எங்கள் ஒழுங்கையில் எருமை கறக்கிறவர்கள் பாலோடு எங்கே போவார்கள்? அதை விடு. லொறி நின்றால் அண்ணை எங்கே போவார்? திரும்பவும் அந்தக் கதிரைக்குத்தான். நேற்று இதை அவருக்கு முன்னால் நின்று சொன்னேன். காலையில் பார்த்தால் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு லொறிக் கண்ணாடியைத் துடைக்கிறார்.

உனக்கு ஒரு புதினச் செய்தி. சுயதொழில் செய்கிற பெண்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள், நானும் போனேன். படிப்பித்த பிள்ளை நல்ல கெட்டிக்காரி. லொஜிஸ்ரிக்ஸ் என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு, "பொருளைச் செய்தால் மட்டும் வியாபாரம் ஆகாது. பழுதாகாமல், நேரத்துக்கு, கேட்ட ஆளின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்" என்றாள். "எங்கட வீட்டில அதுக்குத் தவமணி எண்டு பேர்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, "அவவையும் அடுத்த வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். நான் ஓம் என்றுவிட்டேன். வேறு என்ன சொல்வது?

நீ தயிரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததோடு விட்டாயா? வெறும் லொறி திரும்பி வந்தால் உனக்கு நித்திரை வராது. வவுனியாவிலிருந்து கடைகளுக்கு மாச்சாக்கு, ஒருத்தருக்கு மோட்டர்ப் பெல்ட், ஒருத்தருக்கு மருந்து என்று வீட்டுக்கு வீடு இறக்கிக்கொண்டு வருவாய். அண்ணைக்கு ஸ்ரியரிங் மட்டும்தான் தெரியும். எங்கே நிற்பது, எங்கே திரும்புவது எல்லாம் பக்கத்து இருக்கையில் இருந்து நீ சொன்னதுதான்.

இன்று அந்த இருக்கை வெறுமை. அதனால் நான் பிழையில்லாமல் எல்லாம் யோசித்தேன். வைக்கோல் வைத்து, பலகை போட்டு, இறக்கும் வரிசையைப் பார்த்துச் சட்டிகளை அடுக்கினேன். வீதியில் நிற்கிற யானை காட்டுக்குள் விலகுகிற நேரம் பார்த்து அனுப்பினேன். மாங்குளத்தால் போனால் சுற்று என்று, நீ வழமையாய்ப் போகிற நெடுங்கேணி வீதியாலேயே போகச் சொன்னேன்.

கொஞ்சம் பொறுத்துப் போன் எடுத்தேன்.

"அண்ணை, எங்கை போறியள்?"

"போகேல்லை. நெடுங்கேணியில நிக்கிறன். தேத்தண்ணி குடிக்கிறன்."

"வீட்டில குடிச்சிட்டுத்தானே போனனீங்கள்?"

"இந்த வீட்டுக்காரி லொறியை மறிச்சுப் போட்டா. தன்ர மகளின்ர மருந்து எல்லாம் தவமணிதான் கொண்டந்து குடுத்தவளாம். தான் செத்தவீட்டுக்கு வரேல்லை எண்டு ஒரே அழுகை."

இரண்டாம் முறை எடுத்தபோது நாலு வளைவு தாண்டி ஒரு கடையில் நிற்கிறார்.

"கடைக்காரி கையை விடுறாவில்லை தங்கச்சி."

"நீங்களும் ரெண்டு சொட்டு அழுதிட்டு வெளிக்கிடுங்கோ."

"அழுதிட்டன். இப்ப பிளேன்ரீ வைக்கிறா."

துக்கம் கேட்டு அடுப்பில் வைத்த தேத்தண்ணீரைக் குடிக்காமல் எழும்ப எங்கள் ஆட்களில் யாருக்கு முடியும்? யானைக்கு நேரம் பார்த்த எனக்கு இது மண்டையில் ஓடவில்லையே. அந்த வீதி நீளத்துக்கும் உன்னைத் தெரிந்த வீடுகள். அங்கெல்லாம் துக்கம் ஒரு வருஷமாய்ப் படலையில் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதற்குள்ளால் பழுதாகிற சாமானோடு அந்த மனுஷனை அனுப்பியிருக்கிறேன்.

மூன்றாம் முறை எடுத்தபோது புளியங்குளம். நான் கத்துவதற்குத்தான் எடுத்தேன். அதற்குள் அவரே கதைக்கத் தொடங்கினார். "எல்லாருக்கும் அவளைத் தெரியும் தங்கச்சி. நான் றோட்டைத்தான் பாத்து ஓடினனான். பக்கத்தில இருந்தவள் இவ்வளவும் செய்திருக்கிறாள்." நீ போன பிறகு அவர் இத்தனை சொல் சேர்த்துப் பேசிக் கேட்கவில்லை. என்னால் கத்த முடியவில்லை.

பிறகு நானே முதலாளிக்குப் போன் எடுத்தேன்.

"முதலாளி, தயிர் பிந்தும்."

"அக்கா, நான் சொன்னனான் எல்லோ."

"சொன்னனீங்கள். இண்டைக்கு ஓடிக்கொண்டு வாறது தவமணியின்ர அவர். வழியில எல்லாரும் மறிச்சுத் துக்கம் கேக்கினம்."

கடைக்குள் கோப்பை தட்டுப்படுகிற ஓசை மட்டும் கேட்டது.

"அந்த மனுஷன் வீட்டை விட்டு வெளிக்கிட்டிட்டாரோ?"

"ஓம்."

"சாப்பிட்டவரோ?"

"தேத்தண்ணி மட்டும் வாய்க்கால் மாதிரி."

போனை வைத்துவிட்டார். தயிரை எடுப்பாரா மாட்டாரா என்று ஒரு சொல் சொல்லவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கையில் எத்தனை தரம் படலைக்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. படலையில் நின்றால் வவுனியா தெரியுமா, சொல்லு. முந்தி நீ பிந்தி வருகிற நாட்களில், "வாய் பாத்துக்கொண்டு நிண்டனியோ" என்று ஏசுவேனே. அப்போது எந்த வீட்டுப் பாரத்தை இறக்கிக்கொண்டு நின்றாய்? ஏன் ஒரு நாளாவது எனக்குச் சொல்லவில்லை?

சரி, இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன், கேள். அடுத்த லோட்டுக்கு உன் இருக்கையில் நான் ஏறுகிறேன். நெடுங்கேணியில் என்னை இறக்கிவிட்டு லொறி போகட்டும். மிச்சத் தேத்தண்ணீர் முழுவதையும் அண்ணைக்குப் பதிலாக நான் குடிக்கிறேன், அழ வேண்டியதையும் நானே அழுகிறேன். திரும்பி வரும்போது வெறுஞ்சட்டிகளோடு என்னையும் ஏற்றிக்கொண்டு வரட்டும். அந்தக் கதிரைக்கு அவரைத் திரும்ப விடமாட்டேன். இது சத்தியம்.

இப்போதுதான் முதலாளி எடுத்தார். மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரத்தில்தான் லொறி போய்ச் சேர்ந்ததாம். சட்டி ஒன்றும் உடையவில்லை, தயிரும் தண்ணீர் விடவில்லை. எல்லாவற்றையும் இரவுச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். அடுத்த லோட்டையும் அண்ணையே கொண்டுவரட்டும் என்றார். அண்ணையை இருத்திச் சோறும் போட்டிருக்கிறார். எங்கள் தயிர் பிந்தியதால் மத்தியானத்துக்குக் கொம்பனித் தயிர் வாங்கியிருந்தார்கள், அதைத்தான் அவருக்கும் வைத்தார்களாம். அண்ணை அதை எங்கள் தயிர் என்று நினைத்து, இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "கொம்பனிக்காரன் தலைகீழா நிண்டாலும் இப்பிடி ஒரு தயிர் போடமாட்டான்" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னாராம். முதலாளி ஓம் என்றாராம்.

உன்னோடு கொழுவிச் சண்டை பிடித்து இன்னும் ஆசை தீராத,
உன் மச்சாள் கிளி