வரிசையில் கேட்ட கேள்வி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்தை நிறுத்தியாயிற்று. இப்போது பேப்பரை எடுத்து எழுத்துப்பிழையாகப் பார்த்து எனக்குப் படித்துக் காட்டுகிறார், நான் வேலை பார்த்த பேப்பர் என்பதால் எல்லாப் பிழைக்கும் நான்தான் பொறுப்பாம். பின்பக்க அறையில் ஒழுகியதைச் சரிசெய்துவிட்டோம். கோயில் பயணம் எப்படி இருந்தது என்று நீ போனில் கேட்டபோது நல்லபடியாக முடிந்தது என்று மட்டும் சொன்னேன், அப்பா பக்கத்தில் இருந்தார். நடந்தது இதுதான், பொறுமையாகப் படி.

நாலு பேர் போனோம், காலையில் சேர்ந்து நடக்கிற அதே கூட்டம். நான், தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவள், பாட்டு டீச்சர், அப்புறம் நீ மருந்துக்கடை அத்தை என்று கூப்பிடுவாயே அவள். ஏற்பாடு எல்லாம் மருந்துக்கடைக்காரிதான். வேன் பிடித்தாள், அறை எடுத்தாள், உனக்குத்தான் தலை சுத்தும் நீ முன்னாடி உக்காரு என்று எனக்கு ஜன்னலோரத்தைக் கொடுத்து, முதுகுக்குத் தன் தலையணையையும் வைத்தாள். காரணமில்லாமல் ஒருவர் விழுந்து விழுந்து கவனித்தால் காரணத்தைத் தேட வேண்டும் என்று நிருபர் வேலையில் இத்தனை வருஷம் பழகியவள் நான். ஆனால் ஜன்னல் காற்று நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன்.

வழியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். மற்ற இரண்டு பேரும் கை கழுவப் போனபோது தபால்காரி என் பக்கத்தில் வந்து, உனக்குப் பெரிய மனசுடி, பொண்ணு கல்யாணத்தைக் கெடுத்தவளோட ஒரே வேன்ல வர்றியே, என்னால ஆகாது என்றாள். டீ டம்ளரைக் கீழே வைத்தேன். முகத்தை மாற்றாமல், அதெல்லாம் பழசு, ஆனா நீ கேள்விப்பட்டது என்னன்னு சொல்லு என்றேன். பாதி தெரிந்தமாதிரி காட்டிக்கொண்டால் மீதியைச் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டாள். நடைக்கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியுமாம், நமக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்களாம்.

உனக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நிச்சயத்துக்கு நாள் குறித்த பிறகு ஒரு காரணமும் சொல்லாமல் பின்வாங்கினார்களே, அவர்களிடம் போய் இந்த மருந்துக்கடைக்காரி, பொண்ணுக்கு வலிப்பு இருக்கு, மாசாமாசம் எங்கிட்டதான் மாத்திரை வாங்குது என்று சொல்லியிருக்கிறாள். நீ வாங்கி வந்தது என் முகத்து நரம்பு வலிக்கு. அதே மாத்திரையை வலிப்புக்கும் கொடுப்பார்கள். டாக்டர் சீட்டில் என் பெயர்தான் இருக்கும், அதை மாதாமாதம் கையில் வாங்கிப் படித்தவள் அவள். மாத்திரை உண்மை, வாங்கியது நீ என்பதும் உண்மை, சாப்பிட்டது யார் என்பதை மட்டும் மாற்றிவிட்டாள். எங்கள் ஆபீஸில் ஒருவன் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே அவன் நாற்காலியை வெளியே போட்டிருப்போம். அந்தக் கல்யாணம் நின்றதும் நீ கிடைத்த முதல் வேலைக்கு விமானம் ஏறினாய். அப்பா இன்றுவரை, நான்தான் அவங்ககிட்ட ஏதோ வெடுக்குன்னு பேசிட்டேன் போல என்று திடீர் திடீரென்று சொல்லுவார், சாப்பிடும்போதுகூட.

வேனில் ஒன்றும் கேட்கவில்லை. பதில் சொல்ல வேண்டியவர் எழுந்து போக முடியாத இடத்தில்தான் கேள்வி கேட்க வேண்டும். கோயிலில் தரிசன வரிசைக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, முன்னால் ஒரு குடும்பம், பின்னால் ஒரே நிறத்தில் சட்டை போட்ட ஒரு பெரிய கும்பல். அவளுக்கு நேர் பின்னால் நின்றுகொண்டு, என் பொண்ணுக்கு வலிப்புன்னு சொன்னது நீதானே என்று கேட்டேன். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், வழி இல்லை. இங்க வச்சா கேப்பே, சாமி சன்னதிடி என்றாள். அதனாலதான் கேக்கறேன் என்றேன். வாய் தவறி வந்துடுச்சு என்றாள். எத்தனை வீட்டுல தவறுச்சு என்றேன். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்க்க, பாட்டு டீச்சர் எங்கள் பேச்சு கேட்கக்கூடாது என்று சாமி பாட்டு ஒன்றைச் சத்தமாக ஆரம்பித்தாள், பின்னால் இருந்த கும்பல் முழுக்கக் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அவள் சொன்னாள். அந்த வரனைத் தன் அண்ணன் பொண்ணுக்குக் கேட்டிருந்தார்களாம், அவர்கள் உன்னைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம், வயித்தெரிச்சல்டி என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பெண்ணுக்கு ஒரு இடம் வந்திருக்கிறது, மாப்பிள்ளையின் சித்தப்பா என்னோடு வேலை பார்த்த போட்டோகிராபர், நாம ஊருக்குத் திரும்பினதும் உனக்குத்தான் போன் பண்ணி விசாரிப்பாங்க, என் பொண்ணு உனக்கு என்னடி பண்ணுச்சு என்றாள். ஜன்னலோரமும் தலையணையும் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

நான் கையை உருவிக்கொண்டேன். சன்னதியில் அவள் தேம்பித் தேம்பி அழுதாள். நான் உனக்கும் அப்பாவுக்கும் ஆயுசைக் கேட்டேன், அவளுக்கு என்ன கேட்டேன் என்று எழுதமாட்டேன். திரும்பும்போது முன் சீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமல் அவள் கழுத்து விறைத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே வீடுவரை வந்தேன். சுகமாக இருந்தது.

போட்டோகிராபர் திங்கட்கிழமை கூப்பிட்டான். அக்கா, நீங்க சொன்னா சரி, பொண்ணு எப்படி என்றான். ஒரு வார்த்தை போதும், அவள் செய்ததை அவளுக்கே செய்திருக்கலாம். பொண்ணு தங்கம்டா, குணத்துலயும் குறை இல்ல, உடம்புலயும் குறை இல்ல, தாராளமா எடுத்துக்கோங்க என்றேன். அது உண்மை. அம்மா எப்படிக்கா என்றான். அதற்கும் உள்ளதைச் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. உறுதியாக்கா என்று கேட்டான். அவ வாயாலேயே சொன்னா, கூட வந்த ரெண்டு பேரும் பக்கத்துலதான் இருந்தாங்க, வேணும்னா அவங்களையும் கேளு என்றேன். கேட்டிருக்கிறான்.

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அந்தப் பெண் சந்தோஷமாக இருக்கட்டும், என் ஆசீர்வாதமும் உண்டு. ஆனால் சம்பந்தி வீட்டில் அவள் அம்மா யாரைப் பற்றி வாயைத் திறந்தாலும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அவள் காலம் முழுக்க. நேற்று வந்து வாசல் மணியை அடித்தாள். நான் உள்ளேயே இருந்தேன். விட்டுவிடு அம்மா என்று பதில் எழுதிவிடாதே, நீ அப்படித்தான் எழுதுவாய்.

நீ நோய் நொடியில்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும். குளிரில் காதைத் திறந்து போட்டுக்கொண்டு திரியாதே. இன்னொன்று முக்கியம். கல்யாணம் நின்றதற்கு உங்க பேச்சு காரணம் இல்ல, எனக்கு உறுதியாத் தெரியும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அன்றைக்கு இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார். யார் காரணம் என்று சொல்லவில்லை. போனில் பேசும்போது நீயும் உளறிவிடாதே. தெரிந்தால் அவர் நேராகப் போய் அவளை மன்னித்துவிட்டு வந்துவிடுவார்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா