ஓடையை விட்டுவிட்ட வரைபடம்

நவம்பர் 11

கடும் பனி. சூளகிரி வரை வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டே போனேன்.

இன்றைய வேலை: காட்டோர ஊர்களின் எச்சரிக்கைக் கம்பங்களுக்கு பேட்டரி. ஐந்தில் மூன்று மாற்றியாயிற்று. யானை காட்டை விட்டு வெளியே வந்தால், எங்கள் தடம் பார்ப்பவர் முனிராஜ் போனில் ஓர் அழுத்து. கம்பத்தில் சிவப்பு விளக்கு, ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் குறுஞ்செய்தி. அவ்வளவுதான் எங்கள் திட்டம். எங்களுக்கு உதவும் வெளிநாட்டு அறக்கட்டளை கென்யாவில் சிங்கத்துக்கும், எங்கேயோ ஒரு தீவில் ஆமைக்கும் உதவுகிறது. பெரிய குடும்பம். நாங்கள் கடைக்குட்டி.

ராகி முற்றிவிட்டது. கர்நாடகப் பக்கமிருந்து கூட்டம் வந்தாயிற்று. ஏழு, கூட ஒரு குட்டி. வழக்கம்போல் ஓடை வழியாக. அந்த ஓடைக்குக் குறுக்கே புதுக் கம்பெனிக்காரர்கள் தூண் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். மதில் வரப்போகிறதாம்.

தையல்கடையில் சுடிதார் வாங்க மறந்தேன்.

நவம்பர் 13

தூறல். சேகர் சார் ஓசூர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். எங்கள் அமைப்பின் செயலாளர், அதை ஆரம்பித்தவரும் அவரே.

"நஸ்ரின், கம்பெனிக்காரங்க நமக்கு ஜீப் தர்றாங்க. எத்தனை நாளா கேட்டுட்டு இருந்த!"

"பதிலுக்கு என்ன கேக்கறாங்க சார்?"

"பெருசா ஒண்ணும் இல்ல. அறக்கட்டளைக்கு அனுப்பற யானைப் பாதை மேப்புல அந்த ஓடைய எடுத்துடு. ஒரு கோடுதானே."

மேப்பின் அடியில் களப்பணியாளர் கையெழுத்து வேண்டும். அது நான். மாட்டேன் என்றேன். பேனாவை என் பக்கம் தள்ளினார். நான் அவர் பக்கம் தள்ளினேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். இந்த வாரம் ஆலையில் ஏ ஷிஃப்ட், விடியுமுன் எழ வேண்டும்; அரைத் தூக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நீ செய்யறது சரிதான். ஆனா முனிராஜ் வேலையும் சேர்ந்து போவுமே, அத யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. உறுத்துகிறது.

நவம்பர் 14

முனிராஜிடம் நேராகவே கேட்டேன். யானைத் தடம் பார்த்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். வண்டியில் பின்னால் உட்கார்ந்தபடி சொன்னார்:

"அந்த ஓடைல நடந்து நடந்து என் காலு தேஞ்சிருக்குது மேடம். ஓடை இல்லன்னு எழுதுனா நானும் இல்லன்னுதானே ஆவுது? போடாதீங்க."

பிறகு ரத்னம்மா வீடு. ஓடைக்கு மேற்கே முதல் வீடு. ராகி பாதி மிதிபட்டுக் கிடக்கிறது. என்னைப் பார்த்ததும் முதலில் தெலுங்கில் திட்டு, பிறகு தமிழில். "உன் ஆனைய நீயே கொண்டு போய்க் கட்டி வச்சுக்கோ, போ!" யானை என்னுடையது இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

மதில் விஷயம் சொன்னேன். அரிவாளைக் கீழே வைத்தார்.

"ஓடைய அடைச்சா அதுங்க எப்படிப் போவும்?"

கையால் காட்டினேன். அவர் வீட்டு வாசலை.

நவம்பர் 16

விடியும்போது முனிராஜ் போன். கூட்டம் ஓடையில் இறங்கி, மதிலைப் பார்த்து நின்றுவிட்டது. ஐந்தே நாளில் ஆள் உயரம் எழுப்பியிருக்கிறார்கள். பெரிய பெண் யானை தும்பிக்கையால் சிமெண்டைத் தடவிக்கொண்டே இருந்ததாம். பிறகு திரும்பி நேராக ரத்னம்மா தெரு.

விளக்கு எரிந்தது. செய்தி போனது. எல்லோரும் வீட்டுக்குள். ஆள் சேதம் இல்லை. ரத்னம்மாவின் மாட்டுக் கொட்டகை தரைமட்டம், ஒரு மாட்டுக்குக் காலில் அடி. நான் போனபோது ரத்னம்மா மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மதிலடியில் ஈர மண் முழுக்கத் தடங்கள். கோபத்தில் அவசரமாக எடுத்ததில் இரண்டு படம் கலங்கிவிட்டன. திரும்ப எடுத்தேன்.

நவம்பர் 18

இணையக் கூட்டம். அறக்கட்டளை உதவும் எல்லா நாட்டு ஆட்களும் சின்னச் சின்னக் கட்டங்களில். அறக்கட்டளையின் ஹெலன் நடத்தினார். சேகர் சார் எங்கள் மேப்பைக் காட்டினார். ஓடை இல்லை. அடியில் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

மைக்கைத் திறந்தேன். என் இங்கிலீஷ் தடுக்கித் தடுக்கித்தான் வரும். வரட்டும். இந்த மேப் தப்பு, இங்கே ஓர் ஓடை இருக்கிறது, யானைகள் அதில் வந்து மதிலில் முட்டி நின்றன என்றேன். படங்களைக் காட்டினேன்.

நேபாளத்துப் பெண் ஒருத்தி: எங்கள் ஊரிலும் இப்படி ஒரு பாதையைக் காணாமல் செய்தார்கள், அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

ஹெலன் படங்களை அனுப்பச் சொன்னார். ஜீப் விஷயத்தையும் சேர்த்து எழுதி அனுப்பினேன்.

கூட்டம் முடிந்ததும் சேகர் சார்: "என் மானத்த வாங்கிட்டே. நாளைலேருந்து வராதே."

"சரி சார். ரெண்டு கம்பத்துக்கு பேட்டரி பாக்கி. அத முடிச்சிட்டுத்தான் நிப்பேன்."

நவம்பர் 21

முடித்தாயிற்று.

ஹெலனிடமிருந்து மின்னஞ்சல். அந்த ஜீப்பை வாங்கினால் அறக்கட்டளை விலகிக்கொள்ளும். ஓடையோடு, என் கையெழுத்தோடு புது மேப் வேண்டும். விசாரிக்க ஆள் வரும், அதுவரை திட்டம் நிறுத்திவைப்பு.

பாதி சந்தோஷம். யானைக்கு நிறுத்திவைப்பு எல்லாம் தெரியுமா? முனிராஜ் தினமும் போய்க்கொண்டுதான் இருக்கிறார். நானும்.

நவம்பர் 24

திங்கள். கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ், குறைதீர் கூட்டம். ரத்னம்மா, அவர் தெருக்காரர்கள் இருபது பேர், முனிராஜ், நான். பஸ்ஸில் நின்றே பயணம். வரிசையில் முன்னால் நின்றவர் யாரிடமோ: "பட்டா இன்னும் எங்க தாத்தா பேர்லயே இருக்குதுங்க."

மனுவைப் படித்த அதிகாரி நிமிர்ந்தார். "மதில் இருந்தா யானை வராதே. நல்லதுதானேம்மா?"

ரத்னம்மா விடவில்லை. "மதிலு அவங்களுக்கு, ஆனை எங்களுக்கா சார்?"

பத்துப் பக்க அறிக்கையில் நான் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

டிசம்பர் 3

வெயில். சர்வேயர், தாசில்தார், வனத்துறை ஆட்கள். அளந்து பார்த்தார்கள். அரசு ஏட்டில் ஓடை ஓடையாகவே இருக்கிறது. மதிலை எடுக்க உத்தரவு. மதியம் ஜேசிபி வந்தது.

ரத்னம்மா இடுப்பில் கை வைத்து வேடிக்கை. "மிதிச்ச ராகிக்கு யாரு பதில் சொல்றது நஸ்ரினு?" நாளை நஷ்ட ஈட்டு மனு எழுத வேண்டும்.

வேலை பற்றித் தகவல் இல்லை. சேகர் சார் போன் எடுப்பதில்லை.

நாலு தூண் சாய்ந்ததும் ஜேசிபி நின்றது. கம்பெனி மேனேஜர் நேராக என்னிடம் வந்தார்.

"இப்ப திருப்தியா மேடம்?"

"இல்ல சார். ஓடைக்குள்ள இன்னும் மூணு தூண் நிக்குது."