ஆற்றில் எறிந்ததாகச் சொன்ன மாத்திரைகள்

அம்பாங்கான், சிரம்பான்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகள் ஜெனவீவுக்கு,

அடிலெய்டு குளிர் உன் எலும்பைத் தொடாதபடி கர்த்தர் உன்னைப் போர்த்தி வைத்திருப்பார் என்ற நம்பிக்கையோடு, அம்பாங்கானின் முடிசூடா மன்னனும், உன் அப்பா கண்ணை மூடிய நாளிலிருந்து உனக்கு அப்பாவாக இருப்பவனுமான உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி விமலாவும் சுகம். அவளுடைய முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, என்னைத் துரத்தும்போது மட்டும் காணாமல் போய்விடுகிறது. மழையென்றால் சாதாரண மழை இல்லை, போன வாரம் நோவாவே நம் தாமான் குடியிருப்புக்கு வந்து வாடகைக்கு வீடு விசாரித்துவிட்டுப் போனார். பார், முதல் பத்தியிலேயே கதை கட்ட ஆரம்பித்துவிட்டேன். இந்த வாய் செய்த வேலையால்தான் இன்று இதை எழுதுகிறேன். நேற்று போனில், உன் ஜெபக்குழுவில் இருக்கும் அந்த பிலிப்பினோ அக்கா மருந்தை விடக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஏன் சித்தப்பா என்று கேட்டாய். பேசினால் ஏதாவது வேடிக்கை சொல்லி மழுப்பிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அதனால் எழுதுகிறேன், முடித்ததும் சித்தி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

இந்த வருஷம் சீஷத்துவத்துக்கென்று பாஸ்டர் ஜார்ஜ் சபையில் ஒரு புது ஏற்பாடு செய்தார். விசுவாசத்தில் பழகினவர் ஒருவர், புதிதாக வந்தவர் ஒருவர், இருவரும் ஜோடியாக ஒரு வருஷம் நடக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் வேதம் வாசித்து ஜெபித்தால் போதாது, "உங்க வீட்டத் தெறந்து காட்டுங்க, உங்க கோவத்தையும் காட்டுங்க, அவங்க பாத்துப் பழகட்டும்" என்றார். எனக்குக் கிடைத்தவன் ஸ்டீவன். ஐம்பத்திரண்டு வயது, லிங்கி ஆற்றுப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்ப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான், மனைவியைப் பறிகொடுத்ததும் சபையை விட்டுப் போய், இருபது வருஷம் கழித்துத் திரும்பினவன். எனக்குத் தலைகால் புரியவில்லை. பவுலுக்கு ஒரு தீமோத்தேயு, சாலமோனுக்கு ஒரு ஸ்டீவன் என்று சித்தியிடம் அறிவித்தேன். ஸ்டீவன் பாவம் என்றாள், அவ்வளவுதான். அவன் என்னைப் பார்த்துப் பழகினான் என்றால் அப்படிப் பழகினான் மகளே. நான் மீசையை எடுத்தேன், அடுத்த வாரம் அவனும் எடுத்தான். நான் நுரை பொங்கும் தே தாரிக் டீயைத் தட்டில் ஊற்றிக் குடித்தால் அவனும் ஊற்றினான். ஜெபத்துக்கு நடுவில் நான் செருமுகிற இடத்தில்கூடச் செருமினான். நான் சிரித்தேன், உள்ளுக்குள்ளே பெருமையாகவும் இருந்தது.

அவனுக்கும் என்னைப் போல இனிப்புநீர் வியாதி, சர்க்கரை. ஒரு நாள் மிகவும் சோர்ந்துபோய், "சாகுற வரைக்கும் இந்த மாத்திரதானாண்ணே?" என்று கேட்டான். அவனைத் தேற்ற வேண்டும் என்று என் சாட்சியை எடுத்து விட்டேன். மூன்று நாள் உபவாசம் இருந்தேன், நான்காம் நாள் லிங்கிப் பாலத்தில் நின்று மாத்திரைகளை ஆற்றில் எறிந்தேன், அதைத் தின்ற முதலைகூட அன்றிலிருந்து இனிப்புச் சாப்பிடுவதில்லை என்றேன். சபையிலும் இதையே சொல்லியிருக்கிறேன், நீயும் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாய். உண்மை இது. உபவாசம் இருந்தேன், ஜெபித்தேன், கர்த்தர் இரங்கினார், சர்க்கரை இறங்கியது, கிளினிக் டாக்டர் மருந்தைப் பாதியாகக் குறைத்தார். அந்தப் பாதியை இன்றுவரை காலையில் ஒன்றும் ராத்திரி ஒன்றுமாக உன் சித்தி என் உள்ளங்கையில் வைக்கிறாள். எந்தப் பாலத்திலும் நான் நிற்கவில்லை. கர்த்தர் செய்தது எனக்குப் போதவில்லை மகளே, அதற்கு மேல் நான் கொஞ்சம் சேர்த்தேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஜோடிக் கூட்டத்துக்கு அவன் வரவில்லை. மறுநாள் வேனை எடுத்துக்கொண்டு தோட்டத்து வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் ஒரு வாடை. செம்பனை முள் குத்தின காலைத் துணியால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், இரண்டு விரல் கறுத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "ரெண்டு மாசம் ஆச்சுண்ணே மாத்திரய விட்டு. நீங்க போட்ட அதே பாலத்துல நின்னு போட்டேன். முடிச்சிட்டுச் சொல்லி உங்கள அசத்தலாம்னு இருந்தேன்லா" என்றான். அவனைத் தோளில் தாங்கி வேனில் ஏற்றினேன். சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு வேனை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. அங்கே சர்க்கரை இருபத்தேழு, ஏழுக்குள் இருக்க வேண்டியது என்றார்கள். திங்கட்கிழமை பார்த்து விரலை எடுப்பார்களாம், விஷம் ஏறினால் கால், அதற்கு மேல் ஏறினால் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அதைவிடப் பயங்கரம், அவன் ஊசி போட விடவில்லை. "ஊசி போட்டுக்கிட்டா நான் கர்த்தர நம்பலன்னு ஆயிரும். சாலமோன் அண்ணன் நம்புனாரு, எனக்குத்தான் விசுவாசம் பத்தல" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த மலாய்ப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. வெளியே போனால் சித்தி சட்டைப் பையில் போட்டுவிடும் என் மாத்திரையை எடுத்து, அவன் கண் முன்னால் அவன் தண்ணீரிலேயே விழுங்கினேன். நான் பொய் சொன்னேன் ஸ்டீவன், ஒரு நாளும் விட்டதில்லை என்றேன். காலியான தம்ளரை என் கையிலிருந்து வாங்கி வைத்தான். பிறகு, "அப்ப அவரு ஜெபத்தக் கேக்குறாருன்னு சொன்னீங்களேண்ணே, அதுவும் இப்புடித்தானா?" என்று கேட்டான். அறுபத்தெட்டு வருஷத்தில் நான் இப்படிப் பயந்ததில்லை மகளே. இல்லப்பா, அது மட்டும் நெசம் என்றேன். நெசம் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே பொய்க் குரலாகக் கேட்டது, ஏனென்றால் பொய்யையும் இதே குரலில்தானே சொன்னேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கையை மட்டும் ஊசிக்கு நீட்டினான். நம்பி நீட்டினானா வெறுத்து நீட்டினானா, எனக்குத் தெரியவில்லை. நேற்றுப் போனபோதும் என்னோடு பேசவில்லை, நான் கொண்டுபோன கஞ்சியைக் குடித்தான்.

பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் நின்று சொல்ல வேண்டும், அதற்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் நீ. போன மாதம், உங்க சாட்சியத்தான் எங்க குழுவுல சொன்னேன் சித்தப்பா, அந்த பிலிப்பினோ அக்கா அழுதுட்டாங்க, அவங்களுக்கும் அதே வியாதி என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். நானும் கேட்டுக் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். இப்போது ராப்பகலாக அந்தப் பெயர் தெரியாத பிள்ளையின் காலைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கே நேரில் போ. போனில் சொல்லாதே, காலைப் பார். சித்தப்பா கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார் என்று என்னைக் காப்பாற்றாதே, பொய் சொன்னார் என்றே சொல். இந்தக் கடிதத்தைக் காட்டி வாசித்து அர்த்தம் சொல். அவள் உன்னைக் கோபித்தால் வாங்கிக்கொள், அது எனக்கு வர வேண்டியது. கர்த்தர் கேட்கிறாரா என்று அவள் கேட்டால் அவசரப்பட்டுப் பதில் சொல்லாதே மகளே, முதலில் அவள் மாத்திரை விழுங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திரு.

ஸ்டீவனுக்காக ஜெபி. உன் வேலையிலும் போகும் வழியிலும் கர்த்தர் உன் கையை விடாதிருப்பாராக. வேளைக்குச் சாப்பிடு, சித்தி அனுப்பிய கம்பளி உடையைப் போட்டுக்கொள். அந்த அக்காவைப் பார்த்ததும் எந்த நேரமானாலும் கூப்பிடு, போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

உன் சித்தப்பா,
சாலமோன்